தலையணையில் கேட்ட சங்கீதம்!

இரவில் விளக்கை அணைத்துப் படுத்தால் போதும். அந்தச் சிறுமியின் காதில் சங்கீதம் கேட்கும்!

வீட்டில் வானொலி பாடவில்லை. பக்கத்து வீட்டிலும் பாட்டு இல்லை. தலையணைக்குள் இருந்துதான் இசை வருகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். தூக்கம் வராமல் புரண்டு, "தலையணையை நிறுத்து" என்று தாயாரிடம் கேட்பாளாம்.

அந்தச் சிறுமியின் பெயர் கய்யா. பின்லாந்து நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கியில் 1952-ம் ஆண்டு பிறந்தவர். பிற்காலத்தில் உலகத்தின் பெரிய அரங்குகள் எல்லாம் தேடி வந்த இசை மேதை கய்யா சாரியாஹோ இவர்தான்.

கல்யாணம் ஆகிவிடுமே!

நம் ஊரில் பாட்டை இயற்றியவரே பாடுவதும் உண்டு. மேல்நாட்டு சாஸ்திரீய சங்கீதத்தில் இயற்றுகிறவர் வேறு, வாசிக்கிறவர்கள் வேறு. மேடையில் எண்பது, தொண்ணூறு பேர் இருப்பார்கள். யார், எந்த நொடியில், எந்த ஸ்வரத்தை, எவ்வளவு மெதுவாக வாசிக்க வேண்டும் என்று முழுவதையும் காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அரை மணி நேர இசைக்கு மாதக் கணக்கில் உட்கார்ந்து எழுத வேண்டி வரும்.

கய்யா படித்த காலத்தில் இந்த வேலைக்குப் பெண்கள் வருவது அபூர்வம். "அழகான பெண். சீக்கிரம் கல்யாணம் ஆகிவிடும். இவளுக்கு எதற்குப் பாடம்?" என்று நினைத்த ஆசிரியர்களும் இருந்தார்களாம். இதைக் கய்யாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவர் அசரவில்லை. பாவோ ஹெய்னினன் என்ற ஆசிரியரிடம் போனார். வகுப்பில் இடம் இல்லை என்றார் அவர். சேர்த்துக்கொண்டால்தான் இந்த அறையை விட்டுப் போவேன் என்று கய்யா அங்கேயே இருந்துவிட்டார். இடம் கிடைத்தது! பிடிவாதமும் சில சமயம் நல்லதுதான்.

1982-ல் கய்யா பாரிஸ் நகரம் சென்றார். அங்கே பூமிக்கு அடியில் 'இர்காம்' என்ற இசை ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அங்கு கம்ப்யூட்டரை வைத்து ஒலிகளைப் பிரித்துப் பார்த்தார். புல்லாங்குழலை ஊதும்போது ஸ்வரம் மட்டுமா வருகிறது? ஊதுபவரின் மூச்சும் சேர்ந்து வருகிறது. அந்த மூச்சையும் கய்யா தள்ளவில்லை. அதையும் இசையாக்கினார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் தடவை கேட்கிறவருக்கு இந்த இசை புதிராகத்தான் இருக்கும். தொடையில் தாளம் போட முடியாது. முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போக மெட்டும் கிடைக்காது. பனிமூட்டம் விலகி மலை தெரிவதைப் போல், மெல்ல மெல்லத்தான் பிடிபடும்.

காணாமலே காதல்

பெரிய அரங்குகள், இசை இயற்றுகிறவருக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பணம் கொடுத்து, "எங்களுக்கு ஒன்று எழுதித் தாருங்கள்" என்று கேட்பது அங்கே வழக்கம். அப்படிக் கய்யா எழுதிய முதல் இசை நாடகம் 'தூரத்துக் காதல்'. 2000-ம் ஆண்டு ஆஸ்திரியாவில், சால்ஸ்பர்க் விழாவில் அரங்கேறியது. கதையை எழுதியவர் லெபனானில் பிறந்த அமீன் மாலூப்.

பிரான்சில் ஓர் இளவரசன். கடலுக்கு அப்பால், திரிபோலி நகரத்தில் ஒரு சீமாட்டி. அவளை அவன் பார்த்ததே இல்லை. ஒரு யாத்திரிகர் சொல்லக் கேட்டே காதல் கொள்கிறான். (பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் பாராமலே நட்புக் கொண்டது நமக்குத் தெரிந்த கதைதானே!) கடைசியில் கப்பல் ஏறுகிறான். வழியில் நோய் கண்டு, அவள் மடியிலேயே உயிரை விடுகிறான்.

இந்த நாடகம் 2016 டிசம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் ஏறியது. அது சாதாரணச் செய்தி அல்ல. அந்த அரங்கில் அதற்கு முன்பு ஒரு பெண் இயற்றிய இசை நாடகம் நடந்தது 1903-ல்! எத்தல் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பெண்மணி எழுதியது அது. நடுவில் 113 ஆண்டுகள் ஓடிவிட்டன. அத்தனை காலமும் எழுதத் தெரிந்த பெண்ணே பிறக்கவில்லையா என்ன?

அன்று இசைக் குழுவை நடத்தியவரும் ஒரு பெண்தான். பின்லாந்தைச் சேர்ந்த சூசன்னா மால்க்கி.

கல்யாண வீட்டில் ஒரு தாய்

கய்யாவின் கடைசி இசை நாடகம் 'இன்னொசென்ஸ்'. களங்கமின்மை என்று பொருள். 2020-ல் நடக்க வேண்டியது, கொரோனாவால் தள்ளிப்போய், 2021 ஜூலையில் பிரான்சின் எக்ஸ் நகர விழாவில் அரங்கேறியது.

ஹெல்சிங்கியில் ஒரு கல்யாண விருந்து. பரிமாற வேண்டியவளுக்கு உடம்பு சரியில்லை. அவளுக்குப் பதிலாக வேறொருத்தி வருகிறாள். தட்டோடு நிற்கும்போதுதான் அவளுக்கு உண்மை தெரிகிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கியால் சுட்டு, அவள் மகளையும் மற்றவர்களையும் கொன்றவன், இந்த மாப்பிள்ளையின் உடன் பிறந்தவன்! மணப்பெண்ணுக்கோ எதுவும் தெரியாது.

ஒன்பது மொழிகளில் பாத்திரங்கள் பாடுகிறார்கள், பேசுகிறார்கள். இறந்துபோன மகள் மட்டும் பின்லாந்து கிராமத்துப் பாட்டுப் பாணியில் பாடுகிறாள். அந்தக் குரல் கேட்கும்போது நெஞ்சு கனத்துவிடும்.

ஹெல்சிங்கி, லண்டன், ஆம்ஸ்டர்டாம், சான் பிரான்சிஸ்கோ என்று ஊர் ஊராக அந்த நாடகம் சென்றது. மெட்ரோபாலிட்டன் அரங்கமும் தன் 2025-26 நிகழ்ச்சி நிரலில் அதைச் சேர்த்தது.

கடைசி இசை

எக்ஸ் நகரில் கைதட்டல் எழுந்தபோது, கூட்டத்துக்குத் தெரியாத ஒன்று இருந்தது. 2021 பிப்ரவரியிலேயே கய்யாவுக்கு மூளையில் புற்றுநோய் என்று டாக்டர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். சக்கர நாற்காலியிலும், கைத்தடி ஊன்றியும் அவர் வெளியே வந்தார். ஏன் என்று கேட்டவர்களுக்குப் பிடி கொடுக்காமல் பதில் சொன்னார். வீட்டுக்குப் போய் எழுதினார்.

அப்படி எழுதியதுதான் டிரம்பெட் வாத்தியத்துக்கான கடைசி இசை. அதற்கு அவர் வைத்த பெயர் 'ஹஷ்'. உஷ், சத்தம் போடாதே என்று பொருள்!

2023 ஜூன் 2-ந் தேதி, பாரிஸில் தம் வீட்டில் கய்யா காலமானார். வயது 70. அதே ஆண்டு ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் அந்த இசை அரங்கேறியது. வெர்னேரி போயோலா டிரம்பெட் வாசித்தார். இசைக் குழுவை நடத்தியவர் அதே சூசன்னா மால்க்கி.

அரங்கேற்றம் முடிந்ததும், இயற்றியவரை மேடைக்கு அழைத்துக் கைதட்டுவது அங்கே வழக்கம். அன்று அழைப்பதற்கு அவர் இல்லை.