வழக்குத் தவணைக்குப் போகும் பெண்கள்

எங்கள் ஊர்களில் “தவணைக்குப் போறன்” என்று ஒரு பெண் சொன்னால் அதற்குமேல் எவரும் கேட்பதில்லை. காணி வழக்குக்கும் அந்தச் சொல்தான், தாபரிப்பு வழக்குக்கும் அந்தச் சொல்தான். ஆனால் முதல்நாள் இரவே சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கொழும்புக்கோ அநுராதபுரத்துக்கோ பஸ் ஏறுகிற பெண்ணின் தவணை வேறு. அவளுடைய கணவனோ மகனோ சகோதரனோ பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ச் சிறையில் இருப்பான். நாங்கள் இவர்களை அரசியல் கைதிகள் என்கிறோம். அப்படி எவரும் இந்த நாட்டில் இல்லை என்று நீதி அமைச்சர்கள் பலமுறை சொல்லிவிட்டார்கள். பெயர் எதுவாக இருந்தாலும் பஸ் ஏறுகிறவள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறாள்.

பதினொரு வருடங்களாக யாழ். குடாநாட்டுக் கிராமங்களில் சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். கணவரை யுத்தத்தில் இழந்த சகோதரிகளைப் பற்றியும், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரைப் பற்றியும் நாம் நிறையப் பேசுகிறோம். பேசவும் வேண்டும். கைதியின் மனைவி இந்த இரண்டு கூட்டத்திலும் சேராதவள். பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் விபரம் திரட்டும் ஒரு படிவம் ஒருமுறை என் கைக்கு வந்தது. விதவை, கணவரைப் பிரிந்தவர், கணவர் காணாமற்போனவர் என்று கூடுகள் போட்டிருந்தார்கள். கணவர் சிறையில் இருப்பவருக்குக் கூடு இல்லை. ‘மற்றவை’ என்ற இடத்தில்தான் எழுத வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு, “அவர் உயிரோடைதானே இருக்கிறார் பிள்ளை, அதுதான் எங்களுக்கு ஒண்டும் கிடைக்காது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, விபரம் சொல்வதுபோலச் சொன்னார்.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்று இளம் சகோதரிகள் பலர் கேட்கிறார்கள். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இது. ஜே. ஆர். ஜயவர்த்தன ஜனாதிபதியாக இருந்தபோது, அந்த வருடம் ஜூலையில் நிறைவேறியது. தற்காலிக ஏற்பாடுகள் என்றுதான் அதன் பெயரிலேயே இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு என்று கொண்டுவந்து, 1982இல் அந்தக் காலவரையறையை நீக்கிவிட்டார்கள். சட்டம் வந்த அதே மாதத்தில் யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. வருட முடிவுக்குள் பயங்கரவாதத்தை ஒழிக்கவேண்டும் என்ற கட்டளையோடு பிரிகேடியர் வீரதுங்க இங்கே அனுப்பப்பட்டார். வீட்டில் படுத்திருந்த பிள்ளைகளைப் படையினர் கூட்டிச்சென்ற கதைகளை உங்கள் அம்மம்மாவிடம் கேட்டால் சொல்வார்.

1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் 25ஆம் திகதி 35 பேரும், 27ஆம் திகதி 18 பேருமாக 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். குட்டிமணி, தங்கத்துரை, ஜெகன் ஆகியோரும் அதில் அடக்கம். சிறை என்றால் அரசின் பொறுப்பில் உயிரோடு இருக்கும் இடம் என்ற நம்பிக்கை எங்கள் வீடுகளில் அன்றோடு போனது. அடுத்த வருடமே யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவாகியது. நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் பிடிக்கப்பட்டபோது, அதுவரை கோயிலுக்கும் சந்தைக்கும் தவிர வெளியே போகாத தாய்மார்கள் ஊர்வலமாகச் சென்று அரசாங்க அதிபரிடம் பிள்ளைகளைக் கேட்டார்கள். எங்கள் பகுதியில் பெண்கள் செய்த பெரிய காரியங்களில் அது ஒன்று. ஏனோ அதைப் பாடப்புத்தகத்தில் நான் படித்ததில்லை.

சட்டத்தில் பல பிரிவுகள் உண்டு. ஒன்பதாம் பிரிவின்படி, வழக்குப் போடாமலே மூன்று மூன்று மாதமாக நீடித்து 18 மாதங்கள் வரை ஒருவரைத் தடுத்துவைக்கலாம். 2022இல் செய்த திருத்தம் இதை 12 மாதமாகக் குறைத்தது. ஆனால் நாம் கவனிக்கவேண்டியது பதினாறாம் பிரிவு. சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அடி உதைக்குப் பயந்து எவரும் எதையும் ஒப்புக்கொள்ளக்கூடும் என்பதுதான் காரணம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மட்டும், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரி முன்னிலையில் கொடுத்த வாக்குமூலம் செல்லும். அது பலவந்தமாகப் பெறப்பட்டது என்றால் அதை நிரூபிக்கவேண்டியவர் கைதிதான். மூடிய அறைக்குள் நடந்ததை, சாட்சி இல்லாமல், பல வருடங்கள் கழித்து எப்படி நிரூபிப்பது? 2022 திருத்தம் இந்தப் பிரிவைத் தொடவில்லை.

நல்லரத்தினம் சிங்கராசா என்பவரின் வழக்கு இதற்கு உதாரணம். 1993இல் கிழக்கு மாகாணத்தில் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டவர். அவருக்குச் சிங்களம் தெரியாது. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது, அதன் கீழே அவருடைய பெருவிரல் அடையாளம். அந்த ஒன்றை வைத்து 1995இல் 50 வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். மேன்முறையீட்டில் அது 35 ஆகியது. 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு அவருக்கு நீதியான விசாரணை கிடைக்கவில்லை என்று சொன்னது. அந்தத் தீர்மானத்தை வைத்து அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அந்தக் குழுவிடம் தனிநபர்கள் முறையிட வழிசெய்த உடன்பாட்டில் இலங்கை இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று 2006இல் தீர்ப்பு வந்தது.

சிங்கராசாவின் கதையை வடமராட்சியில் ஓர் அம்மாவுக்குச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. “என்ரை மகனும் அப்பிடித்தான் பிள்ளை. அவன் கையெழுத்து வைச்ச கடதாசியிலை என்ன இருந்தது எண்டு வழக்கு நடக்கேக்கைதான் அவனுக்கே தெரிஞ்சது” என்றார்.

அவர் மாதம் ஒருமுறை பருத்தித்துறை வடை சுட்டு எடுத்துக்கொண்டு போவார். சில நாட்களில் உள்ளே விடுவார்கள், சில நாட்களில் விடமாட்டார்கள். திருப்பிக் கொண்டுவந்த வடையை பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவாராம். வீட்டுக்குக் கொண்டுபோனால் சின்னவன் அதைப் பார்த்து அண்ணாவைக் கேட்பான்.

பார்வையிடுகிற நேரம் சில நிமிடங்கள். இரண்டு பக்கமும் சனம், நடுவில் வலை, எல்லாரும் கத்திப் பேசவேண்டும். வீட்டுக் கஷ்டத்தை அப்படிக் கத்தி எப்படிச் சொல்வது? மகள் பெரியபிள்ளையானதையும் தாலிக்கொடி அடைவில் இருப்பதையும் எல்லாருக்கும் முன்னால் சொல்லமுடியாமல் திரும்பி வந்தவர்கள் பலர். சிலர் பார்க்கவே போகமுடியாமல் இருந்தார்கள். 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டதிலிருந்து 2009 வரை, குடாநாட்டிலிருந்து கொழும்புக்குப் போக இராணுவ அனுமதி எடுத்து, கப்பலையோ விமானத்தையோ நம்பி இருக்கவேண்டும். கைதியின் மனைவி என்று தெரிந்தால் அந்த அனுமதி வரிசையில் அவளைப் பார்க்கிற பார்வையே வேறு. 2014 ஒக்ரோபரில் ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது தவணைக்குப் போகும் பெண்களுக்கு உண்மையான உதவி. காலி மாவட்டத்தின் பூசா முகாமுக்குப் போகிறவர்களுக்கு அப்போதும் பயணம் கொழும்போடு முடியவில்லை.

பெண்கள் உள்ளேயும் இருந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. குருக்கள் ஒருவரும் அவருடைய மனைவியும் 2000ஆம் ஆண்டில் கைதானார்கள். 15 வருடங்களின் பின், 2015இல், மனைவி குற்றமற்றவர் என்று கொழும்பு மேல் நீதிமன்றம் விடுவித்தது. கணவருக்கு 300 வருடங்கள் விதித்தது. குற்றமற்றவளின் அந்த 15 வருடத்துக்கு யார் கணக்குச் சொல்வது என்று நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். கிளிநொச்சி தர்மபுரத்தைச் சேர்ந்த பாலேந்திரன் ஜெயக்குமாரி, காணாமற்போன மகனின் படத்தைப் பிடித்தபடி போராட்டங்களில் முன்னுக்கு நின்றவர். 2014 மார்ச் 13இல் 13 வயது மகளோடு கைதாகி, விசாரணையின்றி பூசாவில் வைக்கப்பட்டார். மகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு நீதிமன்றத்தின் பொறுப்பில் விடப்பட்டாள். ஏறக்குறைய ஒரு வருடத்தின் பின் ஜெயக்குமாரி பிணையில் வந்தார்.

2015 ஒக்ரோபரில் பல சிறைகளிலுமிருந்த தமிழ்க் கைதிகள் ஒரே நேரத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் வாக்குறுதியை நம்பி நிறுத்தினார்கள். நவம்பரில் சிலருக்குப் பிணை கிடைத்தது. அதே ஒக்ரோபரில்தான் இச்சட்டத்தை நீக்குவதாக அரசு ஜெனீவாவில் உறுதி கூறியிருந்தது. நடக்கவில்லை. 2018 மார்ச்சில் கிளிநொச்சியில் ஓர் ஆயுட்கைதியின் மனைவி இறந்தார். ஈமச்சடங்குக்குச் சில மணி நேரம் கொண்டுவரப்பட்டவர் திரும்ப ஏறும்போது அவருடைய சின்ன மகளும் சிறைச்சாலை வாகனத்தில் ஏறினாள். அந்தப் படம் வராத தமிழ்ப் பத்திரிகை இல்லை. 2021 செப்டெம்பர் 12இல் சிறைச்சாலைகளுக்குப் பொறுப்பான இராஜாங்க அமைச்சர் லொஹான் ரத்வத்தை அநுராதபுரம் சிறைக்குத் துப்பாக்கியோடு போய், தமிழ்க் கைதிகளை முழந்தாளிட வைத்து மிரட்டினார் என்ற செய்தி வந்தது. சில நாட்களில் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். அந்தக் கிழமை எங்கள் பெண்கள் எவரும் நித்திரை கொள்ளவில்லை. 1983 அவர்கள் மனதில் இருந்தது.

அதற்கடுத்த வருடம் தெற்கில் அறகலய வெடித்தது. 2022 ஜூலையில் கோட்டாபய ராஜபக்ஷ நாட்டைவிட்டு ஓடினார். ஓகஸ்டில், போராட்டத்தில் முன்னின்ற மாணவர் தலைவர் வசந்த முதலிகே உட்பட மூவர் இதே சட்டத்தின் கீழ்த் தடுத்துவைக்கப்பட்டார்கள். கொழும்பு நீதிமன்றம் முதலிகேயைப் பயங்கரவாதக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தது 2023 ஜனவரி 31இல். அந்த ஐந்தரை மாதத்தில் சிங்களத் தாய்மாரும் இந்தச் சட்டத்தின் பெயரைப் படித்துக்கொண்டார்கள். சட்டத்தை நீக்கக் கோரிய கையெழுத்து வாகனம் அந்த 2022 செப்டெம்பரில் காங்கேசன்துறையில் தொடங்கி அம்பாந்தோட்டை வரை போனது. இனி ஐந்தரை மாதத்தையும் பதினைந்து வருடத்தையும் ஒரே தராசில் வைக்கச்சொல்லி எவரும் எங்களைக் கேட்கக்கூடாது, அது மட்டும் என் அபிப்பிராயம்.

பர்மாவில் 1988 மாணவர் எழுச்சிக்குப் பின் இராணுவ ஆட்சி ஆயிரக்கணக்கானவர்களைச் சிறையிலிட்டது. விடுதலையாகித் தாய்லாந்து எல்லைக்கு வந்த கைதிகள் சிலர் 2000ஆம் ஆண்டில் ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்களுடைய முக்கிய வேலை பதிவு வைப்பது: பெயர், பிடித்த திகதி, எந்தச் சிறை. 2021 பெப்ரவரியில் இராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தபோது எத்தனைபேர் கைது, எத்தனைபேர் கொலை என்று உலகம் அந்தச் சங்கத்தைத்தான் கேட்டது. எங்களிடமும் முன்னாள் கைதிகள் நடத்தும் ‘குரலற்றவர்களின் குரல்’ அமைப்பு இருக்கிறது. ஆனாலும் ஆவணம் தொடங்குவது வீட்டில்தான். அதனால் சில விடயங்களைச் சொல்லிவைக்கிறேன்.

யாராவது கைதானால் பிடித்த நேரம், இடம், வாகன இலக்கம், எந்தப் பிரிவு என்று அன்றே எழுதுங்கள். கைதுபற்றி உறவினருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்று 2006 ஜூலையில் வந்த ஜனாதிபதிப் பணிப்புரை சொல்கிறது. அந்தத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். இச்சட்டத்தின் கீழான கைதை 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டியது அதிகாரிகளின் கடமை. அவர்கள் செய்வார்கள் என்று இருந்துவிடாமல் நீங்களும் போய் முறைப்பாடு பதியுங்கள். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போடவேண்டும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். “நான் எடுத்துத்தாறன்” என்று காசு கேட்டு வருகிற தரகர்களுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். காணியை விற்றுக் கொடுத்துவிட்டு இருக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

விடுதலையானவர்களின் வீடுகளிலும் வேலை முடிவதில்லை. 14 வருடங்களின் பின் வந்த ஒருவர் இன்னும் விளக்கை அணைத்துப் படுப்பதில்லை என்கிறார் மனைவி. மகள் அவரை ‘அப்பா’ என்று கூப்பிட எட்டு மாதம் சென்றது. அதுவரை ‘இவர்’ என்றுதான் சொன்னாளாம். விடுதலைக் கடிதம், தீர்ப்பின் பிரதி, சிறையில் எடுத்த மருத்துவ அறிக்கை எல்லாவற்றையும் அந்த அக்கா ஒரு பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கிறார். வீதிச் சோதனையில் ஒருமுறை அந்தக் கடிதம் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. நீங்களும் அப்படி வையுங்கள், ஒரு பிரதியை வேறொரு வீட்டிலும் வையுங்கள். 1995 இடப்பெயர்வில் எங்கள் பலரின் காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் எப்படிப் போயின என்று உங்களுக்குத் தெரியும்.