வலைப்பக்க அட்டவணைப் பிரித்தெடுப்பு

வலைப்பக்க அட்டவணைப் பிரித்தெடுப்பு என்பது இணையப் பக்கம் ஒன்றில் அட்டவணையாகக் காட்டப்படும் தரவுகளை நிரல் ஒன்றின் மூலம் படித்து, விரிதாளிலோ தரவுத்தளத்திலோ சேமிக்கத்தக்க வடிவுக்கு மாற்றுதல் ஆகும். இப்பணிக்குப் பைத்தான் நிரல்மொழி பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது.

செயற்படும் விதம்

எச்.டி.எம்.எல் மொழியில் அட்டவணை 'டேபிள்' என்னும் குறிச்சொல்லுள் அமைகிறது. அதனுள் ஒவ்வொரு கிடைவரிசையும் 'டி.ஆர்' என்றும், வரிசையிலுள்ள கட்டங்கள் 'டி.டி' என்றும், தலைப்புக் கட்டங்கள் 'டி.எச்' என்றும் குறிக்கப்படுகின்றன. நிரல் முதலில் பக்கத்தின் மூலத்தைத் தரவிறக்கி, வரிசை வரிசையாகவும் கட்டம் கட்டமாகவும் படித்துச் செல்கிறது. லியோனார்டு ரிச்சர்ட்சன் 2004 இல் வெளியிட்ட 'பியூட்டிஃபுல் சூப்' நிரலகம், குறிச்சொற்கள் சரியாக மூடப்படாத பக்கங்களையும் படிக்க வல்லது. 'பாண்டாஸ்' நிரலகத்தில் 2013 இல் சேர்க்கப்பட்ட 'ரீட் எச்.டி.எம்.எல்' செயற்கூறு, பக்கத்திலுள்ள அட்டவணைகள் அனைத்தையும் ஒரே கட்டளையில் தருகிறது.

இணைந்த கட்டங்கள்

கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும் அட்டவணை மூலத்தில் எப்போதும் அவ்வாறு இருப்பதில்லை. 1903 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு என்றி பெக்கெரல், பியேர் கியூரி, மேரி கியூரி ஆகிய மூவருக்கு வழங்கப்பட்டது. பரிசாளர் பட்டியலில் இந்த ஆண்டு ஒரே கட்டமாக மூன்று வரிசைகளுக்கும் நீண்டிருந்தால், மூலத்தில் அது முதல் வரிசையில் மட்டுமே இருக்கும். அடுத்த இரு வரிசைகளின் முதற்கட்டம் பெயராகவே அமையும். கட்டங்களை எண்ணிப் படிக்கும் எளிய நிரல், கியூரி இணையரின் பெயர்களை ஆண்டுக்குரிய இடத்தில் இட்டுவிடும். பின்னர் 1903 எனத் தேடுபவருக்கு பெக்கெரல் மட்டுமே கிடைப்பார். நிரல் பிழை எதையும் அறிவிக்காது என்பதே இதில் உள்ள இடர். இணைந்த கட்டத்தின் மதிப்பை அது பரவியுள்ள எல்லா வரிசைகளிலும் நிரப்புவதே தீர்வு. பாண்டாசின் 0.24 பதிப்பு (2019) முதல் இது தானாகவே நடைபெறுகிறது. ஆயினும் பிரித்தெடுத்த சில வரிசைகளை மூலப் பக்கத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று.

பிற இடர்ப்பாடுகள்

சில பக்கங்களில் அட்டவணை ஜாவாஸ்கிரிப்டால் பின்னர் நிரப்பப்படுவதால், தரவிறக்கிய மூலத்தில் அது காணப்படாது. பழைய தமிழ்ப் பக்கங்களில் வேறொரு சிக்கல் உண்டு. ஒருங்குறிக்கு முந்தைய திஸ்கி, டாப் போன்ற குறியாக்கங்களில் அமைந்த பக்கங்களைப் படித்தால் எழுத்துகளுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகளே கிடைக்கும். அவற்றை முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும்.

நெறிமுறை

தானியங்கி நிரல்கள் எப்பகுதிகளைத் தவிர்க்க வேண்டும் என்பதைத் தளங்கள் 'ரோபோட்ஸ்' கோப்பில் தெரிவிக்கின்றன. மார்ட்டின் கோஸ்டர் 1994 இல் முன்மொழிந்த இம்முறை 2022 இல்தான் முறையான இணையத் தரநிலை ஆவணமாக வெளியானது. கோப்பு தடுக்காதபோதும், வேண்டுகோள்களுக்கிடையே சில நொடிகள் இடைவெளி விடுவது வழக்கம். சிறிய வழங்கிகள் தொடர் வேண்டுகோள்களால் முடங்கக்கூடும்.