மழை பெய்யாத இரவில் நனைந்த கூடாரம்

கூடாரத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் கடைக்குப் போனேன். வாங்கி ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. முதல் இரவே ஒழுகிவிட்டது என்பது என் முறைப்பாடு. உட்கூரை முழுக்க நீர்த்துளி, படுக்கைப் பையின் கால்மாட்டில் ஈரம், கழற்றி வைத்த சட்டையைப் பிழியலாம். கல்லாவில் நின்ற பொடியன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். பிறகு இரண்டே கேள்வி. "அன்றிரவு மழை பெய்ததா?" பெய்யவில்லை, வானம் நிறைய நட்சத்திரம். "மேலே உள்ள காற்றுவாயைத் திறந்து வைத்தீர்களா?" குளிருக்குப் பயந்து, இருந்த ஸிப் எல்லாவற்றையும் இழுத்து மூடியிருந்தேன். அவன் பொதியை என் பக்கமாகத் தள்ளி வைத்தான். "ஒழுகவில்லை ஐயா. அது உங்கள் மூச்சு."

அந்த இரவைக் கழித்தது கிளென் ரூஜ் முகாமிடத்தில். ரொறொன்ரோ மாநகர எல்லைக்குள் கூடாரம் அடித்துத் தங்குவதற்கென்று இருக்கும் முகாமிடம் அது ஒன்றுதான். ஸ்காபரோவின் கிழக்கு விளிம்பில், கிங்ஸ்ரன் வீதியை ஒட்டி, ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மரங்களுக்குள் கிடக்கிறது. காடுதான், ஆனால் 401 நெடுஞ்சாலையின் இரைச்சல் விடிய விடியக் கேட்கும். 2015இல் உருவான, கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்குள் இருக்கிறது இந்த இடம். ஒன்ராறியோ ஏரிக்கரையிலிருந்து வடக்கே ஓக் ரிட்ஜஸ் மேட்டுநிலம் வரை, 79 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு பக்கம் ஸ்காபரோ, இன்னொரு பக்கம் மார்க்கம் என்பதால், கோடைச் சனிக்கிழமைகளில் நடைபாதையில் தமிழ் காதில் விழாமல் போகாது.

நாங்கள் புறப்பட்டபோது மனைவியின் தாயார் வாசலில் நின்று கேட்டது இது: "தம்பி, காசு குடுத்தோ கூடாரத்துக்குள்ள படுக்கப் போறியள்?" மாமி 2009இல், இலங்கையில் போரால் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் எட்டு மாதம் தறப்பாளின் கீழ் இருந்தவர். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. கூடாரம் என்ற பொறியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்பதை ஈரச் சட்டையோடு திரும்பிய பிறகுதான் உணர்ந்தேன்.

பொறி என்றுதான் சொல்வேன். கூடாரத்தைச் சின்ன வீடு என்று நினைப்பதிலிருந்துதான் தவறுகள் எல்லாம் தொடங்குகின்றன. வீடு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. ஒரு தாள் கனத்தில் இருக்கும் துணியால் அது முடியாது. வெளியே இருப்பதைவிட உள்ளே சில பாகை கூடுதல் கிடைத்தால் அதிகம். கூடாரத்தின் உண்மையான வேலை தண்ணீரோடு. வெளித்தண்ணீரை வெளியே நிறுத்த வேண்டும், உள்ளே உண்டாகும் தண்ணீரை வெளியே அனுப்ப வேண்டும். முதலாவது எளிது. இரண்டாவதில்தான் வடிவமைப்பாளரின் கெட்டித்தனம் எல்லாம் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். உறங்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் ஓர் இரவில் கால் லிட்டர் அளவுக்கு நீரை ஆவியாக விடுகிறார். இருவர் என்றால் அரை லிட்டர். 20 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகைக்கு இறங்கினால் 9 கிராம் சொச்சம்தான். இருவர் படுக்கும் கூடாரத்துக்குள் இருப்பது சுமார் இரண்டு கன மீட்டர் காற்று. ஆகவே 10 பாகைக் குளிரில் அது பிடித்து வைக்கக்கூடிய மொத்த ஆவி 19 கிராம், அதாவது நாலு தேக்கரண்டி. வெளியேற வழி இல்லாவிட்டால் மிச்சம் எல்லாம் எங்கே போகும்? எட்டிய இடத்தில் ஆகக் குளிர்ந்த பரப்பு எதுவோ அதில் போய்ப் படியும். அது தலைக்கு மேலே இருக்கும் துணி.

அதனால்தான் இன்றைய கூடாரம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கூடாரமாக வருகிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் வலைத்துணி. நுளம்பு நுழையாது, ஆவி நுழையும். வெளியே இருப்பது மேல்விரிப்பு; அதில் நீரும் புகாது, ஆவியும் புகாது. இரண்டுக்கும் இடையே ஒரு கையளவு இடைவெளி. உங்கள் மூச்சு வலையைக் கடந்து போய், மேல்விரிப்பின் உட்பக்கத்தில் நீராகி, சரிவு வழியே மண்ணுக்கு இறங்கிவிடும். மேல்விரிப்பு உட்பக்கம் நனைவது குறை அல்ல, அதன் தொழிலே அது. அது தொய்ந்து உள்துணியைத் தொடும்போதுதான் ஈரம் உங்களிடம் வருகிறது. ஆகவே, இழுகயிறுகள் அழகுக்குத் தொங்குகின்றன என்று நினைத்து அவற்றைப் பைக்குள்ளேயே விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன்.

இனி, அந்தக் காற்றுவாய். நீராவி கனமானது என்று பலர் நினைக்கிறார்கள். அது உலர்ந்த காற்றைவிட இலேசானது. உடல் சூட்டில் இன்னும் இலேசாகி மேலே போகும். மேல்விரிப்பின் உச்சியில் ஒரு வாய், அடியில் மண்ணுக்கும் துணிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. கீழே குளிர்காற்று வரும், மேலே ஈரக்காற்று போகும். குசினிப் புகைபோக்கி செய்யும் வேலைதான். குளிர்கிறது என்று அதை மூடினால் கிடைக்கும் சூடு அற்பம். படுக்கைப் பை ஈரமாகி, இறகோ பஞ்சோ படிந்துபோய், விடியற்காலையில் முன்னைவிட அதிகமாகக் குளிரும்.

நட்சத்திரம் தெரிந்த இரவில் அதிகம் நனைந்ததற்கும் காரணம் உண்டு. மேகமில்லாத வானத்தை நோக்கி மேல்விரிப்பு தன் வெப்பத்தைக் கதிராக இழக்கிறது. திரும்பி வருவது கொஞ்சம்தான். சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகை கீழே இறங்கிவிடும். புல்லில் பனித்துளி விழுவதும் இப்படித்தான். மேகம் இருந்தால் அது வெப்பத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். மரக்கிளைகளும் அனுப்பும். மரத்தடிக் கூடாரம் வெட்டவெளிக் கூடாரத்தைவிட உலர்ந்து விடிவது அதனால்தான். பள்ளத்தாக்கில் இன்னொரு கணக்கும் சேர்கிறது: குளிர்காற்று கனமானது, இரவில் தண்ணீர்போலச் சரிவில் வழிந்து தாழ்ந்த இடத்தில் தேங்கும். ஆற்றை ஒட்டிய அழகான புல்தரை வேண்டாம். நாலடி மேலே, மரத்தின் கீழ் போங்கள்.

எந்த மரத்தின் கீழ் என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போங்கள். பட்டுப்போன கிளைக்கு அடியில் கூடாரம் அடிக்கக் கூடாது. இந்த ஊரில் பட்டுப்போன மரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஆஷ். ஆசியாவிலிருந்து வந்த, மரகத நிறத்தில் மின்னும் சிறு வண்டு ஒன்று 2002இல் டெற்ரொயிற், வின்ட்ஸர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது, 2007இல் ரொறொன்ரோவில். அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் குடைந்து, நீரும் உணவும் ஓடும் பாதையை அறுத்துவிடும். சில வருடத்தில் மரம் நின்றபடியே செத்துவிடும். வண்டு தானாகப் பறக்கும் தூரம் குறைவு. அதைத் தொலைவுக்குக் கொண்டுபோனது விறகு ஏற்றிய வாகனங்கள். ஆகவே, வீட்டிலிருந்து விறகு கொண்டுபோக வேண்டாம். அங்கேயே வாங்கி அங்கேயே எரியுங்கள்.

இரண்டாம் முறை புறப்படும்போது மாமி கேட்டார்: "சுத்திவர வாய்க்கால் வெட்டுவியளோ?" செட்டிகுளத்தில் மழை தொடங்கினால் ஆளுக்கொரு தடியோடு தறப்பாளைச் சுற்றி மண்ணைக் கிளறி நீரைத் திருப்பியிருக்கிறார்கள். பூங்காவில் அப்படிச் செய்யக் கூடாது. வேர் அறும், மண் அரிக்கும். அந்த வாய்க்காலின் வேலையை இப்போது தரைத்துணியே பார்க்கிறது. தொட்டிபோல விளிம்பு சாண் உயரத்துக்கு எழும்பி, தையல் தரைமட்டத்துக்கு மேலே போய்விடும். இதைக் கெடுப்பது நாம்தான். துணி கிழியாமல் இருக்க அடியில் ஒரு தறப்பாளை விரித்து, அதன் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க விட்டால், மேல்விரிப்பில் வழியும் மழை எல்லாம் அதில் விழுந்து நேரே படுக்கைக்கு அடியில் போய்ச் சேரும். விரிப்பதென்றால் நாலு பக்கமும் உள்ளே மடித்துவிடுங்கள்.

மாமிக்கு மூச்சுக் கணக்கையும் சொன்னேன். ஒற்றைத் துணி, பத்துப் பேர், காற்று போக வழியில்லை. விடியற்காலையில் முகத்தில் சொட்டியது பல நாட்களில் மழையாக இருந்திராது. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப எங்கட மூச்சுத்தான் எங்கள நனைச்சிருக்கு" என்றார். பிறகு தேநீர் போட எழுந்து போய்விட்டார்.

துணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய பருத்திக் கூடாரம் ஒரு விதத்தில் கெட்டிக்காரத்தனமானது: நனைந்ததும் நூல் வீங்கி ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து விரலால் தொட்டால் தொட்ட இடத்தில் சொட்டத் தொடங்கும். கனமும் அதிகம். 1935இல் டூபொன்ற் ஆய்வுகூடத்தில் பிறந்த நைலோன் அந்தக் கனத்தைக் குறைத்தது. ஆனால் நைலோன் ஈரத்தைக் குடித்துத் தொய்யும். மாலையில் முறுக்காகக் கட்டிய மேல்விரிப்பு நடுச்சாமத்தில் தளர்ந்து தொங்குவது அதனால். பொலியெஸ்ரர் அவ்வளவு தொய்யாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். விலைச்சீட்டில் 1500 மி.மீ., 3000 மி.மீ. என்று போட்டிருப்பது துணியின் கனம் அல்ல. துணியின்மேல் அத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணீர்த் தூணை நிறுத்தினாலும் ஊறாது என்று பொருள். மழைக்கு 1500 போதும். தரைத்துணிக்கு அதிகம் வேண்டும். ஈரத்தரையில் முழங்காலை ஊன்றினால் அந்தச் சிறு இடத்தில் விழும் அழுத்தம் மழைத்துளியைவிடப் பல மடங்கு.

வில்லும் நாணும் எப்படி நிற்கின்றனவோ அப்படித்தான் கூடாரமும் நிற்கிறது. அலுமினியக் கம்பி வளைந்து நிமிரப் பார்க்கும். தரைத்துணி அதன் இரண்டு முனைகளையும் நாண்போல இழுத்துப் பிடிக்கும். இப்படி இரண்டு வில் குறுக்காக நின்றால் முளை அடிக்காமலே கூடாரம் எழுந்துவிடும். கம்பிகள் பல இடத்தில் குறுக்கிட்டு ஒன்றையொன்று தாங்கும் குவிமாடக் கூடாரத்தை 1975இல் த நோர்த் ஃபேஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய குவிமாடக் கட்டடங்களுக்குப் பேர்போன பக்மின்ஸ்ரர் ஃபுல்லரின் சிந்தனை அதன் பின்னால் இருந்தது. அதற்கு முந்திய முக்கோணக் கூடாரங்களுக்குக் கயிறுதான் உயிர். இப்போது கயிறு இல்லாமலும் நிற்கும் என்பதால் பலர் முளை அடிப்பதையே விட்டுவிடுகிறார்கள். காற்று ஒரு முறை தூக்கினால் கூடாரம் பட்டம்தான். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடியுங்கள். கயிறு இழுக்கும்போது மண் அதைப் பிடித்துக்கொள்ளும்.

குளிரைப் பற்றி முன்பு சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு. உறங்குபவரின் சூட்டைத் திருடுவதில் காற்றை விஞ்சியது தரை. படுக்கைப் பை உங்களைக் காப்பது தனக்குள் அடைத்து வைத்திருக்கும் காற்றால். உடலுக்கு அடியில் அது நசுங்கிப்போவதால் அங்கே காப்பு இல்லை. ஆகவே, நல்ல பைக்குக் கொடுக்கும் காசில் பாதியை அடியில் போடும் மெத்தைக்குக் கொடுங்கள். தானாகக் காற்றை இழுத்து உப்பும் மெத்தை 1970களின் தொடக்கத்தில் சியாற்றிலில் பிறந்தது. போயிங் ஆட்குறைப்பில் வேலை இழந்த பொறியாளர்கள் செய்தது. அவர்களில் ஒருவர் தோட்டவேலைக்கு முழங்காலிட்ட நுரைத்திண்டிலிருந்து காற்று வெளியேறுவதைக் கவனித்தார். நுரையைக் காற்றுப் புகாத உறைக்குள் அடைத்தால் என்ன என்று யோசித்தார். இன்று மெத்தைகளில் ஆர் மதிப்பு என்று ஓர் எண் இருக்கும். எண் கூடினால் தரைக்குப் போகும் சூடு குறையும். ரொறொன்ரோவின் ஜூலைக்கு 2 போதும். மே, செப்டெம்பர் இரவுகளுக்கு 3க்கு மேல் பாருங்கள்.

இனி ரக்கூன். ரொறொன்ரோக்காரருக்கு இதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2016இல் மாநகரசபை அதற்காகவே புதுப் பூட்டு வைத்த பச்சைத் தொட்டிகளை வீடு வீடாகக் கொடுத்தது. அதன் கண்ணைவிடக் கைதான் கூர்மை. இருட்டில் தடவித் தடவியே மூடியைப் புரிந்துகொள்ளும். சோறு, கறி, பற்பசை வரை எல்லாம் காருக்குள் இருக்கட்டும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கற் பொதிகூட வேண்டாம், வலைத்துணி அதற்கு ஒரு தடையே இல்லை. ரூஜ் பக்கம் லைம் நோய் பரப்பும் கருங்கால் உண்ணிகளும் இருக்கின்றன. புல்லுக்குள் நடந்து வந்தால் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பார்த்துவிட்டுப் படுங்கள்.

கடைசியாக, அந்தக் கடைப் பொடியன் சொன்னது. கூடாரத்தைக் கெடுப்பது மழையல்ல, ஈரத்தோடு சுருட்டி வைப்பதுதான். உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். மேல்விரிப்பின் உட்பூச்சு ஈரத்தில் சிதைந்து பிசுபிசுத்து, ஒருவித நாற்றம் எடுக்கும். அப்படிப் போனதை மீட்க முடியாது. வீடு திரும்பிய அன்றே பேஸ்மென்டில் ஒரு கயிற்றைக் கட்டி, கூடாரத்தை விரித்துப் போடுங்கள். அடுக்குமாடியில் இருந்தால் குளியலறைத் திரைக்கம்பி போதும். தையல்கள் முழுதாகக் காய ஒரு நாள் பிடிக்கும்.