காற்றை அழுத்தினால் கரன்ட் கூடுமா?

ராமநாதபுரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஊர் உப்பூர். வெயிலுகந்த விநாயகர் கோவில் இருக்கும் ஊர். அந்தப் பக்கக் கடலில், 'டப டப' சத்தத்துடன் டீசல் புகை கக்கிச் செல்லும் படகுகளைப் பார்க்கலாம்.

புகையே விடாமல் படகு ஓடுமா குட்டீஸ்?

ஓடும்! இதே சாலையில் தெற்கே போனால் தூத்துக்குடி. அங்கு 2024ம் ஆண்டு பிப்ரவரி 28ம் தேதி நடந்த விழாவில், ஹைட்ரஜனில் ஓடும் பயணிகள் படகைப் பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். காசியில், கங்கை ஆற்றில் ஓடுவதற்காக, கொச்சி கப்பல் கட்டும் தளம் உருவாக்கிய படகு அது.

அதற்கு மின்சாரம் தருவது, 'ஃப்யூயல் செல்' எனப்படும் எரிமின்கலம். பெயரில்தான் 'எரி' இருக்கிறது; உள்ளே எதுவும் எரிவதில்லை. ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று, நடுவில் மெல்லிய சவ்வு. ஹைட்ரஜனில் இருந்து பிரியும் எலெக்ட்ரான்களால் சவ்வைக் கடக்க முடியாது. எனவே, கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போகின்றன. அந்த ஓட்டம்தான் மின்சாரம்! கடைசியில் ஹைட்ரஜனும், காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராகி விடும்.

காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குதான். காற்றை அழுத்தி அனுப்பினால், அதே இடத்தில் அதிக ஆக்சிஜன் நுழையும். வோல்டேஜ் கொஞ்சம் உயரும். வேலை செய்யும்போது ஒரு செல் தருவது சுமார் 0.7 வோல்ட்தான் என்பதால், பல செல்களை அடுக்கி வைக்கின்றனர். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூடினால், மொத்தத்தில் லாபம்தானே?

அழுத்திக்கொண்டே போகலாமா?

கூடாது! சைக்கிளுக்குக் காற்று அடித்திருக்கிறீர்களா? டயர் இறுக இறுக, கை வலிக்கும். காற்றை அழுத்தும் கம்ப்ரஸருக்கும் அப்படித்தான். செல் தரும் மின்சாரத்தில்தான் அதுவும் ஓடுகிறது. ஓர் அளவுக்கு மேல், கூடுதலாகக் கிடைப்பதை விட அது தின்பதுதான் அதிகம்! ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் எகிறினால், சவ்வு கிழிந்தும் விடலாம்.

அழுத்தம் குறைந்தால்?

1965ம் ஆண்டு ஆகஸ்ட் 21ம் தேதி, அமெரிக்காவின் ஜெமினி-5 விண்கலத்தில் கார்டன் கூப்பர், பீட் கான்ராட் இருவரும் புறப்பட்டனர். விண்வெளியில் காற்று ஏது? எரிமின்கலத்துக்கான ஆக்சிஜனைத் தொட்டியில் கொண்டு சென்றனர். சில மணி நேரத்தில் தொட்டியின் ஹீட்டர் பழுதாகி, அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. பயணத்தையே கைவிட வேண்டிய நிலை!

பெரும்பாலான கருவிகளை அணைத்துவிட்டுக் காத்திருந்தனர். இதற்குள் பூமியில் பொறியாளர்கள், அதே மாதிரி எரிமின்கலத்தைக் குறைந்த அழுத்தத்தில் ஓட்டிப் பார்த்தனர். ஓடியது! பிறகு, கருவிகளை ஒவ்வொன்றாக இயக்கினர். எட்டு நாள் பயணத்தை முடித்து, இருவரும் பத்திரமாகத் திரும்பினர்.

நம் இஸ்ரோவும், 2024ம் ஆண்டு ஜனவரி 1ம் தேதி ஏவிய பி.எஸ்.எல்.வி., சி-58 ராக்கெட்டில் எரிமின்கலத்தை வைத்துச் சோதித்தது. கிடைத்தது 180 வாட். இரண்டு மின்விசிறி சுழலப் போதும்!

உப்பூர் கடலிலும் ஒருநாள் புகையில்லாப் படகு ஓட வேண்டாமா? அதற்கு எவ்வளவு அழுத்தம் சரி என்று கணக்குப் போடப் போவது, நீங்களாகவும் இருக்கலாம்!