வெள்ளை அங்கி உயர் இரத்த அழுத்தம்

வெள்ளை அங்கி உயர் இரத்த அழுத்தம் என்பது மருத்துவமனையில் அளக்கும்போது மிகுதியாகவும், வீட்டிலும் அன்றாடப் பணிகளின்போதும் இயல்பான அளவிலும் காணப்படும் இரத்த அழுத்த நிலை ஆகும். மருத்துவர்கள் அணியும் வெள்ளை அங்கியைக் கொண்டு இப்பெயர் ஏற்பட்டது. மருத்துவச் சூழலால் அழுத்தம் சிறிது நேரம் உயர்வது வெள்ளை அங்கி விளைவு எனப்படும். நோய் உள்ளவர், இல்லாதவர் இருவரிடமும் இவ்விளைவு தோன்றும்.

அளவுகள்

மருத்துவமனையில் 140/90 மி.மீ. பாதரசம் அல்லது அதற்கு மேலும், வீட்டில் அளக்கும்போதோ பகல் நேரத் தொடர் பதிவிலோ 135/85-க்குக் கீழும் இருந்தால் இந்நிலை என நெடுங்காலமாக வரையறுக்கப்பட்டு வருகிறது. அமெரிக்காவில் 2017 முதல் 130/80 என்ற குறைந்த எல்லை பின்பற்றப்படுகிறது. உடலில் பொருத்தப்படும் சிறு கருவி, 24 மணி நேரமும் குறிப்பிட்ட இடைவெளிகளில் அழுத்தத்தைப் பதிவு செய்கிறது.

ஆய்வு வரலாறு

1983 இல் இத்தாலிய மருத்துவர் சூசெப்பே மான்சியாவும் குழுவினரும் 48 பேரின் தமனி அழுத்தத்தைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்தனர். மருத்துவர் படுக்கையருகே வந்த 1 முதல் 4 நிமிடங்களுக்குள் சுருங்கழுத்தம் சராசரியாக ஏறத்தாழ 27 மி.மீ., விரிவழுத்தம் ஏறத்தாழ 15 மி.மீ. உயர்ந்தன. இதயத் துடிப்பும் விரைவடைந்தது. 10 நிமிடங்களின் முடிவில் அழுத்தம் பெரும்பாலும் பழைய நிலையை அடைந்தது. பரிவு நரம்பு மண்டலம் தூண்டப்படுவதே இத்தகைய உயர்வுக்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது.

பால் வேறுபாடு

1988 இல் தாமசு பிக்கரிங் குழுவினர் மருந்து உட்கொள்ளாத, எல்லைநிலை உயர் அழுத்தம் கொண்ட 292 பேரை ஆராய்ந்தனர். அவர்களில் 21 விழுக்காட்டினருக்குப் பகல் நேர அழுத்தம் இயல்பாக இருந்தது. இவர்களிடையே பெண்களும் இளவயதினரும் கூடுதலாக இருந்தனர்.

பெண்கள் எளிதில் அஞ்சுவதே இதற்குக் காரணம் என்ற கருத்து போதுமானதன்று. மான்சியாவின் ஆய்வில், மருத்துவர் வருகையால் ஏற்பட்ட உயர்வின் அளவுக்கும் பாலுக்கும் தொடர்பு காணப்படவில்லை. இதற்கு மாறானது மறைந்த உயர் இரத்த அழுத்தம் ஆகும். இதில் மருத்துவமனை அளவீடு இயல்பாகவும் வெளி அளவீடு மிகுதியாகவும் இருக்கும். இது ஆண்களிடமும் புகைபிடிப்பவர்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது.

இதயநோய் இடர்

முன்னர் வெள்ளை அங்கி நிலை தீங்கற்றதாகக் கருதப்பட்டது. 27 ஆய்வுகளில் அடங்கிய 64,273 பேரின் தரவுகளைத் தொகுத்து 2019 இல் வெளியான பகுப்பாய்வு, இக்கருத்தை மாற்றியது. மருந்து உட்கொள்ளாத வெள்ளை அங்கி நிலையினருக்கு இதயக் குழலிய நிகழ்வுகளின் இடர், இயல்பான அழுத்தம் உடையோரை விட 36 விழுக்காடு மிகுதியாக இருந்தது. ஏற்கனவே மருந்து உட்கொள்வோரிடம் காணப்படும் வெள்ளை அங்கி விளைவுக்கு இத்தகைய தொடர்பு காணப்படவில்லை.

பொதுவாகப் பெண்களின் இதயநோய் இடர், ஒத்த வயதுடைய ஆண்களை விடக் குறைவு. எனினும், 11 மக்கள்தொகைகளைச் சேர்ந்த 9,357 பேரை உள்ளடக்கி 2011 இல் வெளியான ஆய்வில், 24 மணி நேர அழுத்தமும் இரவு அழுத்தமும் உயரும்போது இடர் அதிகரிக்கும் வீதம் பெண்களிடம் கூடுதலாக இருந்தது. எனவே ஒரு பெண்ணின் உயர் அளவீட்டை வெறும் பதற்றம் என்று ஒதுக்கினால் உண்மையான நோய் கவனிக்கப்படாமல் போகலாம். சரிபார்க்காமல் மருந்து கொடுத்தால் தேவையற்ற மருந்தால் தலைச்சுற்றல் போன்றவை ஏற்படலாம். இவ்விரு பிழைகளையும் தவிர்க்க வெளி அளவீடு உதவுகிறது.

கண்டறிதலும் கண்காணிப்பும்

பிரித்தானிய வழிகாட்டுதல் 2011 முதல், நோயை உறுதிசெய்யத் தொடர் பதிவைப் பரிந்துரைக்கிறது. அதற்கு வாய்ப்பில்லாதபோது வீட்டில் அமைதியாக அமர்ந்து, காலையும் மாலையும் இருமுறை வீதம் சில நாட்கள் அளந்து சராசரி காணலாம்.

பிற இடர்க் காரணிகள் இல்லாதவர்களுக்குப் பொதுவாக உடனடியாக மருந்து தேவைப்படுவதில்லை. உப்பைக் குறைத்தல், உடற்பயிற்சி, உடல் எடைக் கட்டுப்பாடு, புகைபிடித்தலைக் கைவிடுதல் ஆகியன பரிந்துரைக்கப்படுகின்றன. சிலரிடம் இந்நிலை பின்னர் நிலையான உயர் இரத்த அழுத்தமாக மாறுவதால் ஆண்டுதோறும் வெளி அளவீடு தேவை. மாதவிடாய் நிறுத்தத்திற்குப் பின் பெண்களின் இரத்த அழுத்தம் உயரும் போக்கு இருப்பதால், இளவயதில் பெற்ற இயல்பான முடிவைப் பிற்காலத்திற்கும் பொருந்துவதாகக் கொள்ள இயலாது. கருவுற்ற பெண்களில் சிலருக்கு இந்நிலையைத் தொடர்ந்து முன்சூல்வலிப்பு ஏற்படக்கூடும் என்பதால் அவர்கள் தொடர்ந்து கண்காணிக்கப்படுகின்றனர்.