போதை வேறு, அடிமைநிலை வேறு

அரபு மொழியில் மதுவைக் குறிக்கும் 'கம்ர்' என்னும் சொல், மறைத்தல் எனும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்தது. தலையை மறைக்கும் துணியாகிய 'கிமார்' என்பதற்கும் அதுவே வேர். அறிவை மறைப்பது எதுவோ அதுவே கம்ர் என்பது அறிஞர்தம் விளக்கம். போதை என்னும் நிலையை இது நன்கு உணர்த்துகிறது. ஆயினும் குடிப்பழக்கத்தில் மற்றொரு நிலையும் உண்டு. அங்கே அறிவு தெளிந்திருக்கும். உடல் மதுவைக் கேட்டுக்கொண்டிருக்கும். அதுவே அடிமைநிலை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் விளையும் தீங்கை, விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசுத் தொழிலை முன்வைத்து நோக்குவோம்.

சிவகாசி வட்டாரத்தில் 'மருந்து' என்றால் வெடிமருந்தே முதலில் நினைவுக்கு வரும். அலுமினியத் தூள், கந்தகம், வெடியுப்பு முதலியவற்றைக் கலப்பதும் செலுத்துவதும் பெரும்பாலும் கைவேலைகள். சிறு உராய்வும் அங்கே தீயாகும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் மூண்ட தீ ஏறத்தாழ 40 உயிர்களைக் கொண்டது. அதனை மதுவோடு தொடர்புபடுத்துவது நம் நோக்கமன்று. இத்தொழில் எத்துணைக் கவனத்தைக் கோருகிறது என்பதை நினைவூட்டவே கூறினோம்.

போதையிலிருப்பவரை வெடிபொருள் பணியில் ஈடுபடுத்தலாகாது என்று 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் கூறுகின்றன. தேவையான விதிதான். ஆனால் வாரக் கூலி பெற்று, ஞாயிறு முழுவதும் குடித்து, திங்கள் காலையில் குடிக்காமல் வேலைக்கு வருபவரை எண்ணிப் பாருங்கள். வாயில் வாடை இராது; பேச்சில் குழறல் இராது. விதியின் கண்ணுக்கு அவர் தெளிந்தவர். ஆனால் அவருடைய கை நடுங்குகிறது. போதையைத் தேடும் சோதனை இந்த நடுக்கத்தைக் காண்பதில்லை.

நடுக்கம் ஏன்? மது மூளையின் இயக்கத்தை அமர்த்துகிறது. நாள்தோறும் அமர்த்தப்படும் மூளை, அதற்கு ஈடாகத் தன் கிளர்ச்சியை உயர்த்திக்கொள்கிறது. முன்பு போதை தந்த அளவு இப்போது போதாமற் போவது இதனாலேயே. மதுவைத் திடீரென விலக்கினால் அமர்த்தும் ஆற்றல் நீங்கிவிடும். உயர்ந்த கிளர்ச்சி மட்டும் எஞ்சும். சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை தோன்றும். முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாள்களில் மனக்குழப்பமும் இல்லாத உருவங்கள் தென்படுதலும் நேரலாம். சிகிச்சையின்றி விட்டால் இது உயிரையும் பறிக்கும். 1976இல் எட்வர்ட்ஸ், கிராஸ் என்னும் மருத்துவ அறிஞர்கள் இத்தகைய அறிகுறிகளைத் தொகுத்து, மது அடிமைநிலையை ஒரு நோய்க்குறித் தொகுதியாக வரையறுத்தனர்.

நம் மஹல்லாக்களுக்கு இதில் பாடம் உண்டு. ரமளான் பிறை கண்டதும், 'இனித் தொடேன்' என்று உறுதிபூண்டு மதுவை விடுபவர் உண்டு. அந்த உறுதி போற்றத்தக்கது. ஆனால் மூன்றாம் நாள் அவர் பிதற்றினால், ஜின் பிடித்ததென்றோ தவ்பா பொய்யென்றோ முடிவுகட்டுவது பிழை. அவர் நோயாளி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட வேண்டியவர். நோயாளி நோன்பைப் பின்னொரு நாளில் நோற்கலாம் என்ற சலுகையை இறைமறை (2:184, 185) வழங்கியுள்ளது.

சிகிச்சையின் முதற்கட்டம் நச்சுநீக்கம். மருத்துவர், குளோர்டயசெபாக்சைடு போன்ற மருந்தைக் கொடுத்துச் சில நாள்களில் படிப்படியாகக் குறைப்பார். தயமின் எனும் உயிர்ச்சத்தும் தருவார். இரண்டாம் கட்டம் நீண்டது: மனநல ஆலோசனை, குடும்பத்தார்க்குப் பயிற்சி, மீண்டவர்களின் கூட்டுறவு. 1980இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை இவ்வழியில் முன்னோடி. விருதுநகரிலேயே 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது.

ஓர் எச்சரிக்கை: குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து தரும் மருந்து என்று விளம்பரப்படுத்தப்படுவனவற்றை நம்பலாகாது. டைசல்ஃபிராம் என்னும் மருந்தை உட்கொண்டவர் குடித்தால் வாந்தியும் படபடப்பும் உண்டாகும். இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு வீழவும் கூடும். நோயாளி அறிந்து, இசைந்து, மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டிய மருந்து அது.

மதுவிலக்கு ஒரே வசனத்தில் வரவில்லை. தீமையே மிகுதி என்ற அறிவிப்பும் (2:219), போதையோடு தொழுகையை நெருங்கலாகாது என்ற கட்டளையும் (4:43), முழுத் தடையும் (5:90, 91) அடுத்தடுத்து இறங்கின. இன்று சிறிது குடிக்கலாம் என்பதற்கு இது சான்றாகாது; தடை நிறைவுற்றுவிட்டது. பழக்கத்தில் ஊறிய மனிதனை மீட்கக் காலமும் துணையும் வேண்டும் என்பதே நாம் பெறும் படிப்பினை. குடித்ததற்காகப் பலமுறை தண்டனை பெற்ற ஒருவரைத் தோழர் ஒருவர் சபித்தபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என எடுத்துரைத்ததாக புகாரியில் காண்கிறோம்.

செயல் கண்டிக்கப்பட்டது, மனிதர் கைவிடப்படவில்லை. திங்கள் காலையில் நடுங்கும் கையைக் காணும் மேற்பார்வையாளரும், அக்கையோடு பள்ளிவாசலுக்கு வருபவரைக் காணும் ஜமாஅத்தாரும் இவ்வேறுபாட்டை உணரவேண்டும். அவரை வெடிமருந்திடமிருந்து அன்றே விலக்குவதும், உயிர்காக்கும் மருந்திடம் அழைத்துச் செல்வதும் நம்மீது கடமையாகும்.