18 வளைவில் மோட்டார் சைக்கிள்

கிழக்கிலிருந்து மஹியங்கனை ஊடாகக் கண்டிக்குச் செல்லும் ஏ26 வீதியில் ஒரு தடவையேனும் பயணித்தவர்கள் 18 வளைவை மறந்திருக்கமாட்டார்கள். பஸ்ஸில் செல்வோருக்கு அது அழகிய காட்சி. முதன்முறையாக அங்கு மோட்டார் சைக்கிளில் செல்லும் நமது இளைஞர்களுக்கோ அது ஒரு சோதனையாகும்.

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பல்லாண்டு காலம் வாகனம் செலுத்திய அனுபவம் மலைப்பாதைக்குப் போதுமானதல்ல. சமவெளியில் வீதி நெடுந்தூரம் தெரியும். மலையிலோ வளைவுக்கு அப்பால் நிற்பது லொறியா, மாடா, சரிந்து விழுந்த மண்ணா என்பதை அறிய முடியாது. எனவே, கண்ணுக்குத் தெரியும் தூரத்திற்குள் நிறுத்தக்கூடிய வேகமே அங்கு பாதுகாப்பானது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு செக்கனில் 11 மீற்றரைக் கடந்துவிடுகிறது. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடி நிற்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

வளைவின் போக்கை ஓரளவு முன்கூட்டியே அறியலாம். வீதியின் இரு ஓரங்களும் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோல் தோன்றும் இடத்தைக் கவனிக்க வேண்டும். அது நம்மை நெருங்கி வருமாயின் வளைவு இறுகுகிறது. விலகிச் செல்லுமாயின் வீதி நிமிர்கிறது. வேகத்தைக் குறைப்பதும் கியரை மாற்றுவதும் வளைவினுள் நுழையும் முன்னரே முடிந்துவிட வேண்டும். சாய்ந்துள்ள வண்டியில் திடீரென பிரேக்கை இறுக்கினால் டயர் வழுக்கிவிடும்.

பலர் எண்ணிப் பார்க்காத விடயமொன்றும் உண்டு. வலப்பக்க வளைவில் நடுக்கோட்டை ஒட்டிச் சாயும்போது, சக்கரங்கள் நமது பக்கத்தில் இருந்தாலும் தலை எதிர்ப்பக்கத்திற்குச் சென்றுவிடுகிறது. எதிரே வரும் நீண்ட பஸ்ஸோ, கொண்டையூசி வளைவில் திரும்புவதற்கு வீதியின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும்.

ஏறுவதிலும் பார்க்க, ஊர் திரும்புகையில் இறங்குவதே ஆபத்தானது. பெற்றோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் வழக்கம் நம்மவர் சிலரிடம் காணப்படுகிறது. மிஞ்சுவது சில ரூபாய்களே. எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காதபோது பாரம் முழுவதும் பிரேக்கின் மீதே விழுகிறது. அது சூடேறி வலுவிழக்கிறது. மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிச் செல்பவர் இதை ஒருபோதும் செய்யலாகாது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய சாரதிகளின் வழக்கம்.

பின்னால் வரும் உள்ளூர்க்காரர் ஹோர்ன் அடித்தால் ஒதுங்கி வழிவிடுவதில் வெட்கமில்லை; அவ்வளைவுகள் அவருக்கு மனப்பாடம். பிற்பகல் மழையும் மூடுபனியும் இறங்கும் முன்னர் மலையைக் கடக்கத்தக்கதாகக் காலையிலேயே புறப்படுவது நல்லது.